மூன்று காரணங்களும் உண்மை, ஆனால் மூன்றும் போதவில்லை: புற நரம்புப் பாதிப்பு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி 54 வயதுக் கணித ஆசிரியை. பதினோரு வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. தினமும் 2 கிராம் மெட்ஃபார்மின் எடுத்துக்கொள்கிறார், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 7.1 சதவீதம். அவர் கொண்டுவந்த கடிதத்தில் "சர்க்கரை நோயால் வந்த நரம்புப் பாதிப்பு, வலிக்குச் சிகிச்சை தேவை" என்று எழுதியிருந்தது. ஆனால் வலி அவருக்குப் பெரிய தொந்தரவாகவே இல்லை. அறைக்குள் வந்தவர் நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கைகளாலும் ஊன்றி மெதுவாக உட்கார்ந்தார். ஏழு மாதம் முன்புவரை தினமும் மூன்று மாடி ஏறி வகுப்பெடுத்தவர் அவர்.

அவருடைய அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ முடிவைத் தீர்மானித்த எதையும் மாற்றவில்லை.

நோய் வந்த விதம்

ஏழு மாதங்களுக்கு முன் இரண்டு பாதங்களிலும் கூச்சமும் மரத்துப்போன உணர்வும் ஆரம்பித்தன. மூன்றே வாரத்தில் கைவிரல் நுனிகளிலும் அதே உணர்வு. இரண்டாவது மாதத்தில் படி ஏறும்போது தொடை கனத்தது. நான்காவது மாதத்தில் தரையில் உட்கார்ந்தால் பிடிமானம் இல்லாமல் எழ முடியவில்லை. அப்புறம் கைகள். "போர்டுல மேல் பாதியில எழுத முடியல டாக்டர். நாலு வரி எழுதறதுக்குள்ள தோள் துவண்டு போகுது" என்றார்.

இதற்குள் அவருக்கு மூன்று விளக்கங்கள் சொல்லப்பட்டிருந்தன. முதலில் சர்க்கரை நோயால் வந்த நரம்புப் பாதிப்பு என்றார்கள். நரம்பு வலிக்கான பிரிகாபலின் மாத்திரையும் வைட்டமின் மாத்திரைகளும் தரப்பட்டன. நான்காவது மாதம் இடுப்பு முதுகெலும்பை எம்ஆர்ஐ எடுத்ததில் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு பிதுங்கியிருந்தது. உடனே தொடை பலவீனத்துக்கு அதுதான் காரணம் என்றாயிற்று. ஆறாவது மாதம் இரத்தத்தில் பி12 அளவு மில்லிலிட்டருக்கு 168 பிகோகிராம் என்று வந்தது. அது தெளிவான குறைபாடு. ஊசி போட்டார்கள், அளவு நன்றாக ஏறியது. ஆனால் பலவீனம் குறையாமல் கூடிக்கொண்டே போனது.

இந்த மூன்றில் எதுவுமே பொய்யில்லை. சர்க்கரை நோய் நிஜமாகவே இருக்கிறது, வட்டு பிதுங்கியிருக்கிறது, பி12 குறைந்திருக்கிறது. நரம்பு நோயில் தப்பு நடப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒரு காரணம் கையில் கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிடுகிறோம். கிடைத்த காரணம் உண்மையா என்று பார்ப்பதோடு முடியாது, இந்த நோயாளியின் இந்தப் பலவீனத்தை அது விளக்குகிறதா என்பதையும் தனியாகக் கேட்க வேண்டும். நான் இதை எழுத உட்கார்ந்ததே அந்தக் கேள்விக்காகத்தான்.

மூன்று விளக்கங்களும் எங்கே உதைக்கின்றன

சர்க்கரை நோயில் வழக்கமாக வரும் நரம்புப் பாதிப்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு. உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. நரம்பணுவின் உடல் முதுகுத்தண்டில் அல்லது அதன் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரம் ஊட்டமும் பழுதுபார்க்கும் பொருளும் போய்ச் சேர வேண்டும். அதனால் முதலில் அடிபடுவது கடைக்கோடி. கால்விரல்களில் தொடங்கி, பாதத்துக்கும் கணுக்காலுக்கும் ஏறி, முழங்காலை எட்டும் சமயத்தில்தான் கைவிரல்களில் ஆரம்பிக்கும். இதற்குப் பல வருடங்கள் ஆகும். உணர்வுக்குறைவுதான் முன்னால் நிற்கும், தசைப் பலவீனம் வந்தால் பாதத்தோடு நின்றுவிடும். இவருக்கோ காலும் கையும் ஒரு மாதத்துக்குள் சேர்ந்தே பாதிக்கப்பட்டன. பலவீனம் தொடையையும் தோளையும் பிடித்தது. முதுகுத்தண்டுக்குக் கிட்டே இருக்கும், குட்டையான நரம்புகளால் இயங்கும் தசைகள் அவை. நீளம்தான் காரணம் என்றால் அவற்றின் முறை கடைசியில் வர வேண்டும். சர்க்கரையும் ஓரளவு கட்டுக்குள் இருந்தது.

சர்க்கரை நோயிலேயே தொடையை வாட்டும் இன்னொரு வகை இருக்கிறது. இடுப்பு நரம்புப் பின்னலை அது தாக்கும். பெரும்பாலும் ஒரு பக்கத் தொடையில் கடும் வலியோடு ஆரம்பிக்கும், எடை சரசரவென்று குறையும். இவருக்கு வலியும் இல்லை, எடையும் குறையவில்லை, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் பாதிக்கப்பட்டிருந்தன.

வட்டுப் பிதுக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 50 வயதைத் தாண்டியவர்களில் முதுகுவலியே இல்லாதவர்களை எம்ஆர்ஐ எடுத்தாலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது தெரியும். இடுப்பில் பிதுங்கிய வட்டு தோளைப் பலவீனப்படுத்த முடியாது.

பி12 கொஞ்சம் நின்று யோசிக்க வைக்கும். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் எடுத்தால் குடல் பி12 உறிஞ்சுவது குறைகிறது. அதனால் இந்த மாத்திரை எடுக்கும் யாருக்கு நரம்புத் தொந்தரவு வந்தாலும் பி12 பார்த்தே ஆக வேண்டும். இவருக்குப் பார்த்ததும் ஊசி போட்டதும் சரியான செயல்கள். ஆனால் பி12 குறைவு புற நரம்புகளோடு தண்டுவடத்தையும் பாதிக்கும். முக்கியமாக அதிர்வையும் மூட்டு இருக்கும் நிலையையும் உணரும் பாதைகள் அடிபடும், நடை தள்ளாடும், உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேலே நிமிரும். தோளும் தொடையும் சில மாதங்களில் துவண்டு போவது அதன் வழக்கமே இல்லை.

உடற்பரிசோதனை

தசை வலிமையை 0 முதல் 5 வரையிலான அளவுகோலில் குறிப்பது வழக்கம். 5 முழு வலிமை. 3 என்றால் புவியீர்ப்பை எதிர்த்து அசைக்க முடியும், அதற்கு மேல் எதிர்ப்பைத் தாங்காது. தோளைப் பக்கவாட்டில் உயர்த்துவது 4, இடுப்பை மடக்குவது 3, கணுக்காலை மேலே தூக்குவது 3, விரல்களை விரிப்பது 4. இரண்டு பக்கமும் சமம். கைப்பிடி வலிமை கருவியில் வலது கையில் 9 கிலோ காட்டியது.

128 ஹெர்ட்ஸ் இசைக்கவையின் அதிர்வு கால்விரல்களிலும் கணுக்காலிலும் தெரியவில்லை, முழங்காலில் தெரிந்தது. பாதம் தொடுதலை உணர்கிறதா என்று பார்க்க 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழை ஒன்று உண்டு. சர்க்கரை நோயாளிகள் எல்லோருக்கும் வருடத்துக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டிய சோதனை அது. இவர் பாதத்தின் முன்பகுதியில் அதை உணரவில்லை. கண்ணை மூடி நிற்கச் சொன்னதும் தள்ளாடினார். உள்ளங்காலைக் கீறியபோது விரல்கள் கீழே மடங்கின, அதாவது தண்டுவடம் புகார் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய தடயம் சுத்தியலில் கிடைத்தது. கணுக்கால், முழங்கால், முழங்கை, மணிக்கட்டு, எங்கே தட்டினாலும் அனிச்சைத் துடிப்பு இல்லை. விரல்களைக் கோத்து இழுக்கச் சொல்லிவிட்டுத் தட்டினாலும் வரவில்லை. நீளமான நரம்பு பாதிக்கப்படும் நோயில் கணுக்கால் துடிப்பு போகும், சில சமயம் முழங்காலும் மங்கும். தசை இன்னும் பருமனாக இருக்கும்போதே கையிலும் காலிலும் ஒரேயடியாகத் துடிப்புகள் மறைந்துவிட்டால் நரம்பு இழைகள் சாகவில்லை, அவற்றின் வழியாகச் செய்தி ஒரே சீராகப் போகவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். இந்தச் சுத்தியல் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். இவர் கொண்டுவந்த காகிதக் கட்டில் எம்ஆர்ஐ அறிக்கை மூன்று பக்கத்துக்கு இருந்தது, அனிச்சைத் துடிப்பு பற்றி ஒரு வரிகூட எங்கும் இல்லை. எனக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

முழங்கையின் உட்புறமும் கழுத்தின் பக்கவாட்டிலும் நரம்புகளைத் தடவிப் பார்த்தேன். தடிப்பு இல்லை. தோலில் உணர்வற்ற திட்டுகளும் இல்லை. தொழுநோய் இன்றும் புற நரம்புகளைச் சிதைக்கும் நோய்களில் ஒன்று, மருந்தால் முழுக்கக் குணப்படுத்தக்கூடியது. அதனால் விரலால் தடவிப் பார்க்கும் இந்த ஒரு நிமிடத்தை யாருக்கும் விடக்கூடாது. அதில் பாதிப்பு திட்டுத்திட்டாக இருக்கும், அனிச்சைத் துடிப்புகள் பெரும்பாலும் தப்பித்துவிடும். இவருடைய நிலை அதற்கு நேர்மாறு.

நரம்பின் வேகம்

நரம்பு கெட்டுவிட்டது என்றால் எது கெட்டது என்று கேட்க வேண்டும். இழையா, அதைச் சுற்றியிருக்கும் மயலின் உறையா? மின்கம்பியும் அதன் மேலுறையும் போல என்று பொதுவாகச் சொல்வார்கள், ஒரு திருத்தத்தோடு நான் அதை ஏற்பேன். கம்பியின் மேலுறை மின்சாரம் கசியாமல் காக்கிறது, மயலின் அதோடு செய்தியின் வேகத்தையும் கூட்டுகிறது. உறையில் சீரான இடைவெளியில் சிறு இடுக்குகள் இருக்கின்றன, மின்துடிப்பு ஓர் இடுக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவிப் போகிறது. நல்ல உறை உள்ள கை நரம்பில் வேகம் வினாடிக்கு 50 மீட்டருக்கு மேல் இருக்கும். உறையே இல்லாத மெல்லிய வலி இழைகளில் அது ஒன்று, இரண்டு மீட்டர்தான்.

1850ஆம் ஆண்டு இந்தத் துறைக்கு விசேஷமானது. ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் செய்தி போகும் வேகத்தை அளந்து காட்டினார். அதுவரை அதை அளக்கவே முடியாது என்று நம்பியவர்கள் இருந்தார்கள். அதே வருடம் லண்டனில் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்குக்குப் போகும் நரம்புகளை வெட்டி, வெட்டுக்கு அப்பால் உள்ள இழை சிதைந்து போவதை நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார். வேகம் குறைவது உறையின் நோய், இழை சிதைவது இழையின் நோய். இன்று மின்சோதனை அறையில் நாம் பிரித்துப் பார்ப்பதும் இதே இரண்டைத்தான்.

சோதனைக்கு முன் இவருடைய கைகால்களை வெதுவெதுப்பாக்கினோம். இது சடங்கு அல்ல. தோலின் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் நரம்பின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் குறையும். குளிர்ந்த கையில் எடுத்த அறிக்கை இல்லாத நோயைக் காட்டிவிடும்.

முடிவுகள் இப்படி வந்தன. வலது கையின் நடு நரம்பில் முன்கை வேகம் வினாடிக்கு 27 மீட்டர். மணிக்கட்டில் தூண்டினால் தசைக்குச் செய்தி போய்ச்சேர 7.8 மில்லி வினாடி, சாதாரணமாக இது 4.4ஐத் தாண்டாது. மணிக்கட்டில் தூண்டியபோது தசையின் பதில் 6.1 மில்லிவோல்ட், முழங்கையில் தூண்டியபோது 2.4 மட்டுமே. நடுவில் எங்கோ பாதிக்கு மேற்பட்ட இழைகளில் செய்தி நின்றுவிடுகிறது என்று பொருள். இதைக் கடத்தல் தடை என்கிறோம். சுண்டுவிரல் பக்க நரம்பில் வேகம் 29, தண்டுவடம் வரை போய்த் திரும்ப வேண்டிய எஃப் அலை வரவே இல்லை. காலில் வேகம் 24.

சர்க்கரை நோயிலும் வேகம் கொஞ்சம் குறையும், இந்த அளவுக்கு இறங்காது. பதிலின் உயரம்தான் முதலில் சரியும். கடத்தல் தடையும் அதன் வழக்கமில்லை. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. கெண்டைக்காலின் பின்புறம் ஓடும் உணர்வு நரம்பிலிருந்து, சின்னதாக என்றாலும், பதில் கிடைத்தது. முன்கையின் வெளிப்புற உணர்வு நரம்பில் எதுவுமே கிடைக்கவில்லை. காலில் இருப்பது கையில் இல்லை என்றால் நீளத்தைப் பொறுத்த நோய் என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது. மணிக்கட்டுச் சுரங்கத்தில் நடு நரம்பு நசுங்குவது சர்க்கரை நோயாளிகளுக்குச் சகஜம் என்பதால், அதன் வழியே போகாத நரம்பை வைத்து இந்த ஒப்பீட்டைச் செய்வது பத்திரம்.

தசையில் ஊசி மின்முனை வைத்துப் பார்த்ததில் தோளிலும் தொடையிலும் சிதைவின் அறிகுறி மிகக் குறைவு. முன்கால் தசையில் மட்டும் நரம்பிழந்த தசை தானாகத் துடிக்கும் அலைகள் இருந்தன. உறையின் நோய் நீண்டுபோனதில் அங்கே இழைகளும் சாக ஆரம்பித்திருந்தன. சிகிச்சைக்குப் பிறகு எது திரும்பும், எது திரும்பாது என்பதற்கு முன்கூட்டியே கிடைத்த செய்தி இது.

தண்டுவட நீரும் இரத்தமும்

முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுத்தோம். செல்கள் இரண்டு மட்டுமே, புரதம் 100 மில்லிலிட்டருக்கு 138 மில்லிகிராம். செல் கூடாமல் புரதம் மட்டும் கூடும் இந்த நிலையை 1916இல் பிரான்ஸில் கியான், பாரே, ஸ்ட்ரோல் என்ற மூவர், திடீரென்று கைகால் செயலிழந்த இரண்டு சிப்பாய்களிடம் கண்டு எழுதினார்கள். சர்க்கரை நோயே இந்தப் புரதத்தைச் சற்று உயர்த்தும், வயதும் உயர்த்தும். 50 வயதுக்கு மேற்பட்டவருக்குப் புரதம் 60 வரை இருந்தால் நான் அதை நம்பிச் சண்டைக்குப் போகமாட்டேன். 138 என்பது வேறு கதை.

உறை கெடும் நோய்க்கும் பல காரணங்கள் உண்டு. இரத்தத்தில் ஒரே வகைப் புரதம் மிகையாகச் சுரக்கிறதா என்று நோய் எதிர்ப்பு நிலைநிறுத்தல் என்ற இரத்தச் சோதனையில் பார்ப்பது கட்டாயம். போயம்ஸ் என்ற எலும்பு மஜ்ஜை சார்ந்த நோய் இதே முகத்தோடு வரும். அதைத் தவறவிட்டு இம்யூனோகுளோபுலின் (பலருடைய பிளாஸ்மாவிலிருந்து எடுக்கும் எதிர்ப்பொருள் மருந்து) கொடுத்தால் பயன் இருக்காது, காலம்தான் போகும். இவருக்கு அப்படி எதுவும் இல்லை. எச்ஐவி, ஹெப்பட்டைட்டிஸ் பி, சி இல்லை. தைராய்டும் சிறுநீரகமும் சரி. குடும்பத்தில் யாருக்கும் நரம்பு நோய் இல்லை, உள்ளங்கால் வளைவும் இயல்பாக இருந்தது, அதனால் பரம்பரையாக வரும் ஷார்கோ-மாரி-டூத் நோய்க்கு ஆதாரம் இல்லை. புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின், சிஸ்பிளாட்டின், காசநோய்க்கான ஐசோநியாசிட் போன்ற நரம்பைத் தாக்கும் மருந்துகளோ மதுவோ இல்லை.

அவர் சாப்பிட்டு வந்த வைட்டமின் மாத்திரைகளைக் கொண்டுவரச் சொன்னேன். இரண்டு வெவ்வேறு பெயரில் இரண்டு மாத்திரை, இரண்டிலும் பி6. பி6 குறைந்தாலும் நரம்பு கெடும், அளவுக்கு மிஞ்சினாலும் கெடும். மிஞ்சும்போது உணர்வு நரம்பணுக்களே அடிபடும். நரம்புக்கு நல்லது என்று நினைத்து மாதக்கணக்கில் விழுங்கும் மாத்திரையே நரம்பைக் கெடுக்கக்கூடும் என்பதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். இவருடைய தசைப் பலவீனத்துக்கு அது காரணமில்லை என்றாலும் இரண்டையும் நிறுத்தி, பி12 மட்டும் தொடரச் சொன்னேன்.

நோய் நிர்ணயம்

நாள்பட்ட அழற்சியால் மயலின் உறை அழியும் நரம்பு நோய். மருத்துவர்கள் சுருக்கமாக சி.ஐ.டி.பி. என்பார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்த நரம்பின் உறையையே தாக்குகிறது. இதன் உறவுக்கார நோயான கியான் பாரே நான்கு வாரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு நின்றுவிடும். எட்டு வாரத்தைத் தாண்டியும் கூடிக்கொண்டே போனால், அல்லது விட்டுவிட்டுத் திரும்பினால், அது சி.ஐ.டி.பி. 1975இல் பீட்டர் டைக்கும் அவருடன் இருந்தவர்களும் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். லட்சம் பேரில் ஒரு சிலருக்குத்தான் வருகிறது. சர்க்கரை நோயோ கோடிக்கணக்கானவர்களுக்கு இருக்கிறது. அதனால்தான் ஒன்றின் நிழலில் மற்றது மறைந்துவிடுகிறது. ஆனால் சர்க்கரை நோயால் பாதிக்கப்பட்ட நரம்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து கிடையாது, சி.ஐ.டி.பி.க்கு இருக்கிறது. அரிதான இந்த நோயை விடாமல் தேட வேண்டியதற்குக் காரணம் இதுதான்.

சிகிச்சை

முதல் கட்டத்தில் மூன்று வழிகள் உண்டு: ஸ்டீராய்டு, சிரை வழியாக இம்யூனோகுளோபுலின், இரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்து மாற்றும் பிளாஸ்மா மாற்றம். ஸ்டீராய்டு மலிவானது, வேலை செய்யும், சிலருக்கு நோய் நீண்டகாலம் அடங்கியும் விடும். ஆனால் இவருடைய சர்க்கரையை அது தூக்கிவிடும். பிளாஸ்மா மாற்றத்துக்குப் பெரிய சிரையில் குழாய் வேண்டும், பலனும் சில வாரங்களே நிற்கும். இம்யூனோகுளோபுலினுக்கு வலுவான ஆதாரம் உண்டு. 2008இல் வெளியான ஐஸ் என்ற ஆய்வில் 117 பேர் பங்கேற்றார்கள். மருந்து பெற்றவர்களில் 54 சதவீதம் பேர் முன்னேறினார்கள், போலி மருந்து பெற்றவர்களில் 21 சதவீதம் பேர். இவருக்கு இதையே தேர்ந்தெடுத்தோம்.

அளவு உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம். இவர் எடை 62 கிலோ, ஆக 124 கிராம், ஐந்து நாட்களில் பிரித்து. கொடுப்பதற்கு முன் சில விஷயங்களைப் பார்த்தோம். இரத்தம் உறையும் அபாயம் கூடும் என்பதால் இதய நோய், பக்கவாத வரலாறு. சிறுநீரகம். ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் அறவே இல்லாதவர்களுக்குக் கடும் ஒவ்வாமை வரலாம் என்பதால் அதன் அளவு. ஹெப்பட்டைட்டிஸ் சோதனைகளை மருந்துக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். மருந்து பலருடைய பிளாஸ்மாவிலிருந்து எடுக்கப்படுவதால் அவர்களுடைய எதிர்ப்பொருள்கள் நோயாளியின் இரத்தத்தில் தெரிந்து குழப்பும்.

சர்க்கரை நோயாளிக்கு இன்னொரு பொறி இருக்கிறது. சில இம்யூனோகுளோபுலின் தயாரிப்புகளில் மால்டோஸ் சேர்த்திருப்பார்கள். சில வகைச் சோதனைப் பட்டைகள் மால்டோஸை குளுக்கோஸ் என்று எண்ணிப் பொய்யாக உயர்ந்த அளவைக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் சர்க்கரை அபாயகரமாக இறங்கும். சீசாவின் உள்ளடக்கத்தைப் படித்து மால்டோஸ் இல்லாததைத் தேர்ந்தோம்.

மூன்றாம் நாள் கடும் தலைவலி வந்தது. காய்ச்சல் இல்லை, கழுத்து இறுக்கம் இல்லை. மருந்து இறங்கும் வேகத்தைக் குறைத்து, தண்ணீர் அதிகம் குடிக்க வைத்து, பாராசிட்டமால் கொடுத்ததில் அடங்கியது.

பிரிகாபலினைப் படிப்படியாகக் குறைத்தோம். நரம்பு வலி உள்ளவர்களுக்கு அது நல்ல மருந்து. டுலோக்ஸிடின், அமிட்ரிப்டிலின், காபாபென்டினும் அப்படியே. ஆனால் இவை வலியைத்தான் தணிக்கும், நரம்பை மீட்காது. ஏற்கெனவே தள்ளாடும் ஒருவருக்கு பிரிகாபலின் தரும் மயக்கமும் கிறுகிறுப்பும் கீழே விழ வைக்கும். வலியே இல்லாதவருக்கு அந்த அபாயம் எதற்கு?

மீண்டதும் மீளாததும்

மூன்றாவது வாரத்தில் தொலைபேசியில் அழைத்து, கையை ஊன்றாமல் எழுந்ததாகச் சொன்னார். ஆறாவது வாரத்தில் கைப்பிடி வலிமை 15 கிலோ, மூன்றாவது மாதத்தில் 19. தோள் முழு வலிமைக்கு வந்தது. பள்ளிக்குத் திரும்பினார். ஆரம்பத்தில் கீழ்த்தளத்து வகுப்புகள் மட்டும். கிலோவுக்கு 1 கிராம் வீதம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து தொடர்ந்தது.

பாதம் மட்டும் பின்தங்கியது. கணுக்காலைத் தூக்கும் வலிமை மூன்று மாதத்திலும் 3 தான். "தோள் சரியாயிடுச்சு, கால் மட்டும் ஏன் வரல டாக்டர்? மருந்து அங்க போகலையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தோளில் கெட்டது உறை, உறையை உருவாக்கும் ஷ்வான் செல்கள் வாரங்களில் புது உறை சுற்றிவிடும். முன்கால் தசையில் இழைகளே செத்திருந்தன. செத்த இழை திரும்ப வளர வேண்டும், நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வீதம். அரை மீட்டர் வளர 500 நாள். இதற்கிடையே நரம்பில்லாத தசை காத்துக்கொண்டே இருக்காது. ஒன்றரை வருடத்துக்கு மேல் போனால் நரம்பு வந்து சேர்ந்தாலும் ஏற்றுக்கொள்ள முடியாதபடி நாராகிவிடும். "டீச்சர், மருந்து போய்ச் சேர்ந்திருக்கு. அங்க வேலைதான் பெரிசு" என்று இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். கணித ஆசிரியை என்பதால் உடனே பிடித்துக்கொண்டார். கணக்கில் முதல் ஏழு மாதங்கள் ஏற்கெனவே கழிந்திருப்பதை அவரே சுட்டிக்காட்டினார்.

காலுக்கு லேசான பிளாஸ்டிக் தாங்கி கொடுத்தோம், விரல் தரையில் தட்டி விழுவது நின்றது. இயன்முறை மருத்துவர் சமநிலைப் பயிற்சியையும் தொடைக்கான வலுப்பயிற்சியையும் தந்தார். களைத்து விழும்வரை அல்ல, மறுநாள் காலை வலியில்லாமல் எழும் அளவுக்கு. ஒரு வருட முடிவில் கணுக்கால் 4ஐ எட்டியது.

நிறுத்திப் பார்க்கும் கேள்வி

இந்த மருந்தை ஆரம்பிப்பதைவிட எப்போது குறைப்பது என்பதே கடினம். சிலருக்கு நோய் தானாக அடங்கிவிடும். அவர்களுக்குத் தொடர்ந்து கொடுப்பது தேவையற்ற அபாயம், மனித பிளாஸ்மாவும் அளவற்றுக் கிடைக்கும் பொருள் அல்ல. அதனால் நிலை சீரான பிறகு இடைவெளியைக் கூட்டியோ அளவைக் குறைத்தோ சோதித்துப் பார்க்க வேண்டும். இவருக்கு ஒரு வருடத்துக்குப் பிறகு இடைவெளியை நான்கு, ஐந்து, ஆறு வாரம் என்று நீட்டினோம். ஆறாவது வாரத்தில் படி மறுபடி கனத்தது. அவர் வீட்டிலேயே வாரம் ஒருமுறை கைப்பிடி வலிமையை அளந்து குறித்து வைத்திருந்தார், 20இலிருந்து 13க்கு இறங்கியிருந்தது. "சோர்வா இருக்கு" என்ற சொல்லை மட்டும் வைத்து முடிவெடுப்பது கஷ்டம், பல காரணங்களால் சோர்வு வரும். வாரா வாரம் எழுதிய எண்கள் கையில் இருந்ததால் அன்றே முடிவெடுக்க முடிந்தது. நான்கு வாரத்துக்குத் திரும்பினோம், ஒரு மாதத்தில் பழைய நிலை வந்தது.

இந்த மருந்தைத் தோலுக்கடியில் செலுத்தி வீட்டிலேயே எடுத்துக்கொள்ளும் முறையும் இருக்கிறது. தவறானவை உட்பட ஐஜிஜி வகை எதிர்ப்பொருள்களை உடம்பிலிருந்து வேகமாக அகற்றும் எஃப்கார்டிகிமாட் என்ற மருந்தை 2024 ஜூனில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சி.ஐ.டி.பி.க்கு அனுமதித்தது. மருந்துக்குச் சரியாகப் பதில் சொல்லாத சிலரிடம் நரம்பு உறையின் இடுக்குகளைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள், உதாரணமாக அங்குள்ள நியூரோஃபேசின் 155 என்ற புரதத்துக்கு எதிரானவை, இருப்பது இப்போது தெரிந்திருக்கிறது. அவர்களுக்கு, எதிர்ப்பொருள் உருவாக வழிசெய்யும் பி செல்களை ஒழிக்கும் ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து உதவக்கூடும். இவர் நன்றாகப் பதில் சொன்னதால் அந்தச் சோதனை தேவைப்படவில்லை.

கால்விரல்களில் மரப்பு இன்னும் இருக்கிறது. இசைக்கவையின் அதிர்வு கணுக்காலில் தெரிய ஆரம்பித்துவிட்டது, விரல்களில் வரவில்லை. அந்த எச்சத்தில் ஒரு பங்கு பதினோரு வருடச் சர்க்கரையுடையதாக இருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். முதல் கடிதத்தில் எழுதியிருந்த காரணம் பொய்யில்லை என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் பாதப் பரிசோதனை, சரியான அளவுக் காலணி, தினமும் உள்ளங்காலைப் பார்ப்பது எல்லாம் அவருக்கு ஆயுசு முழுவதும் உண்டு. மெட்ஃபார்மின் தொடர்கிறது, வருடத்துக்கு ஒருமுறை பி12 அளவையும் பார்க்கிறோம். அடுத்த தடவை இடைவெளியைத் தொடாமல் ஒவ்வொரு முறையும் கொடுக்கும் அளவைக் கொஞ்சம் குறைத்துப் பார்ப்பதாகத் திட்டம். தேர்வுக் காலத்தில் வேண்டாம், விடுமுறை தொடங்கியதும் ஆரம்பிக்கலாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். அப்படியே முடிவு செய்திருக்கிறோம்.